அரைப்பேர்

மடுவத்துக்கு மேலே சவுக்குமர வளைவில்
ரெண்டு கோடு சிக்னல் கிடைக்கும்.
கொழுந்து வந்து சேருமுன் அங்கே நின்று
போனைப் பார்ப்பேன்.
மொனஸ்டிரில் விதுர்ஷா சேர்விஸ் போடுகிறாள்.
பதினைந்து. முப்பது.
ஆள் தெரியாது, எண் மட்டும் மாறும்.
மாறாமல் நிற்கிற நேரமெல்லாம்
பந்தை நானே அடித்துக்கொண்டிருப்பேன்.
பிறகு கீழே இறங்கி
அதே பதினைந்தையும் முப்பதையும்
கிலோவாக எழுதுவேன்.

எங்கள் கணக்கில் பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
எழுதுகிற கை என்னுடையது.

பள்ளிக்கூட டபுள்ஸில் நான் வலையோரம், அவள் பின்னால்.
துரைமார் கழித்துப்போட்ட ரக்கெட்டுகள்,
முடி உதிர்ந்த பந்துகள்.
கண்டி வரை போய்த் தோற்றோம்.
எனக்குப் போதும் என்றிருந்தது என்று
கேட்பவர்களிடம் சொல்வேன்.
முழுக்க உண்மையில்லை.

வருஷத்துக்குள் மூன்று இடங்களில் புள்ளி எடுத்தால்
உலகப் பட்டியலில் பேர் விழும்.
பெப்ரவரியில் ஒன்று எடுத்தாள்.
ஏப்ரலில் அந்தால்யாவில் இன்னொன்று,
எதிராளிக்குக் கால் பிசகியதால்.
மே, ஜூன், ஜூலை எல்லாம் முதல் சுற்றோடு சரி.
இரவில் குரல் அனுப்புவாள்:
"கடல் மட்டத்துல பந்து பாரமா இருக்குடி.
நம்ம ஊர்ல கோட்டைத் தாண்டிப் போற அடி
இங்க நெட்டுலயே விழுது."
மொல்டோவாக்காரி ஒருத்தியோடு அறையைப் பங்கு போடுகிறாள்,
குளியலறையில் காலுறை காயப்போடுகிறாள்.
சட்டைக் கையில் ஹட்டன் பாக்கியம் ஹார்ட்வெயார்;
'பா' பிய்ந்துவிட்டதாம்,
ஊசிநூல் இருக்கிறது, நேரமில்லை.

குடும்பப் பேர் எதுவென்று முதல் தடவை கேட்டபோது
அப்பா பேரைக் கொடுத்திருக்கிறாள்.
"கேம், செல்லமூட்டு" என்கிறார் நடுவர்.
செல்லமுத்து மாமா கிளப் கோர்ட்டில் உருளை இழுத்தவர்,
சுண்ணாம்பு கரைத்துக் கோடு போட்டவர்.
போனைக் காதோரம் பிடித்துக் கேட்கவைத்தேன்.
"எதுக்கு எம்பேரைக் கூப்பிடுறான்?" என்றார்.
"நான் என்ன செஞ்சேன்?"

நவம்பர், ஷர்ம் எல் ஷேக்.
தகுதிச்சுற்றில் தோற்று, பெட்டியைக் கட்டி,
பஸ்ஸுக்கு நின்றவளைக் கூப்பிட்டார்களாம்.
யாருக்கோ காய்ச்சல், ஓர் இடம் காலி.
மூன்றாம் செட் ஐந்துக்கு நான்கு.
கீழே மழையில் படங்குகளோடு வரிசை.
"கணக்கப்புள்ள, எங்க போய்த் தொலைஞ்ச?"
சரோஜாக்காவின் தொண்டைக்குச் சிக்னல் தேவையில்லை.
முப்பது நாற்பது. அவள் சேர்விஸ்.
அப்புறம் திரையில் ஒரு வட்டம் சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.
இறங்கினேன். அன்றைக்கு எழுதிய எடைகளில்
எத்தனை சரியென்று எனக்குத் தெரியாது.

இரவு குரல் வந்தது. பேச்சில்லை,
மூக்கை உறிஞ்சும் சத்தம்,
பின்னால் யாரோ தெரியாத பாஷையில் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு முடித்து
வளைவுக்கு ஓடினேன்.
ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் இருந்தது.
முழுப்பேர்.
பெப்ரவரியில் பழைய புள்ளி உதிரும்;
அதற்குள் இன்னொன்று வராவிட்டால் பேரும் போகும்.
சரோஜாக்காவிடம் சொன்னேன்.
"ஒரு வருசமாச்சும் நிக்குதே," என்றாள்.
"நம்ம பேரு சாயந்தரம் வரைக்குந்தானே."

டிசம்பரில் வந்தாள், பதினோரு நாள்.
புறப்படுவதற்கு முந்தின மாலை
பெட்டியை மடுவத்துக்குத் தூக்கிவந்தாள்:
"தராசுல போடு. இருபத்துமூணு தாண்டினா
ஏர்போர்ட்டுல காசு கேப்பான்."
கொக்கியில் மாட்டினேன். முள் ஆடி நின்றது.
இருபத்தைந்து.
தண்ணிக்கு ரெண்டு கழித்து
இருபத்துமூன்று என்று எழுதிவிட்டது கை.

பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"அவன் கழிக்கமாட்டான்டி" என்றாள்.
குனிந்து சிப்பைத் திறந்து
ஒரு சோடிச் சப்பாத்தை வெளியே எடுத்தாள்.
அடியில் இன்னும் அந்தால்யாவின் செம்மண்.